குறிக்கோள் முதலில், திரை பிறகு

அத்தியாயம் 6: நடுநிலை வகுப்புகளில் சமூக அறிவியலும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புப் பாடத்தை அம்பத்தூரில் நடத்துகிற எந்த ஆசிரியருக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும்: "மிஸ், நம்ம ஊரு சென்னையா, திருவள்ளூரா?"

குழந்தையின் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. பள்ளிப் பெயர்ப்பலகையில் 'சென்னை - 600 053' என்று இருக்கும். அப்பாவின் பழைய அடையாள அட்டையில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கும். பாட்டி வைத்திருக்கும் மனைப் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது; எல்லைகள்தான் நகர்ந்தன. 1997 ஜூலையில் பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் உருவாயின. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் 7-ஆவது மண்டலமானது. ஆனாலும் வருவாய்க் கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடித்தது. 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோதுதான் அம்பத்தூர் வட்டம் சென்னைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் குப்பை அள்ளியது சென்னை மாநகராட்சி. பட்டா கொடுத்தது திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம்.

ரயிலில் சில நிறுத்தம் தள்ளி ஆவடிக்குப் போனால் கணக்கு மாறுகிறது. 2019 ஜூனில் அது தனி மாநகராட்சியானது, 48 வார்டுகள், மாவட்டம் திருவள்ளூர். 2022 ஜனவரியிலிருந்து அதற்குத் தனிக் காவல் ஆணையரகமும் உண்டு. பூந்தமல்லி நகராட்சியை ஆவடியோடு இணைக்கும் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. பாடம் நடத்தும் நாளில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.

பாடநூல் இந்த அலகுக்குத் தரும் நோக்கம், உள்ளாட்சி அமைப்பின் வகைகளையும் பணிகளையும் அறிதல் என்ற அளவில் இருக்கும். மாநிலம் முழுவதற்குமான நூல் அப்படித்தான் எழுத முடியும். அதை உங்கள் வகுப்புக்கு இறக்கி எழுத வேண்டியது நீங்கள். நான் எழுதச் சொல்வது இப்படி:

'மாணவர் தம் வீட்டு முகவரியை வைத்துக்கொண்டு வார்டு, மண்டலம் அல்லது நகராட்சி, வட்டம், மாவட்டம் ஆகிய நான்கையும் தாமே கண்டுபிடிப்பார். தெருவிளக்கு எரியாததற்கு எந்த அலுவலகத்துக்குப் போவது, வருமானச் சான்றிதழுக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது என்று காரணத்தோடு சொல்வார்.'

இப்படி எழுதிவிட்டால், எந்தக் கருவி தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். உள்ளாட்சி அமைப்பு பற்றிய பத்து நிமிட வீடியோ இந்தக் குறிக்கோளுக்கு உதவாது. பட்டா பார்க்கும் அரசு இணையதளத்தைத் திறந்து, மாவட்டப் பட்டியலில் திருவள்ளூரைத் தேர்ந்தெடுத்து, வட்டங்களின் பட்டியலில் அம்பத்தூரைத் தேடச் சொல்லுங்கள். அது கிடைக்காது. சென்னையைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் 2018-இல் நடந்தது குழந்தைக்கு உறைத்துவிடும். பிறகு கணினியை அணைத்துவிட்டு, மீதி நேரத்தைப் பாட்டியின் பத்திரத்துக்கும் அப்பாவின் அட்டைக்கும் கொடுக்கலாம்.

இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்துவது இந்த வரிசையைத்தான்: குறிக்கோளை எழுதி முடித்த பிறகே கருவியைத் தொட வேண்டும்.

குறிக்கோளை எழுதுவது எப்படி

என்சிஇஆர்டி 2017-இல் தொடக்க நிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. அதன் பிறகு நம் பாடக்குறிப்பேடுகளிலும் 'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம் வந்துவிட்டது. பல பாடக்குறிப்புகளில் அந்தக் கட்டத்தை நிரப்பும் சொற்கள் மூன்றுதான்: அறிவர், புரிந்துகொள்வர், உணர்வர். மூன்றையும் கண்ணால் பார்க்க முடியாது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் யார் உணர்ந்தார், யார் உணரவில்லை என்று எப்படிச் சொல்வது?

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1962-இல் எழுதிய சிறு நூல் ஒன்று இதற்கு எளிய வழி சொன்னது. குறிக்கோளில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: மாணவர் என்ன செய்வார், எதை வைத்துக்கொண்டு செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் போதும். அறுபது ஆண்டுகள் கடந்தும் இதைவிடக் கைக்கு அடக்கமான வழியை நான் பார்க்கவில்லை. சமூக அறிவியலுக்காக நான்காவதாக ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன்: தாம் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று மாணவர் காட்ட வேண்டும். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்குக்கும் இது பொருந்தும். ஆதாரம் காட்டத் தெரியாத மாணவர் பாடநூலை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் பொய்யையும் அதே நம்பிக்கையோடு மனப்பாடம் செய்துவிடுவார்.

ஒரு பாடவேளைக்கு ஒரு குறிக்கோள் போதும். 'போர்ஷன் முடிய வேண்டுமே' என்ற கவலை நியாயமானது. எல்லா அலகுகளையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று அலகுகளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊரோடு ஒட்டி வரும் அலகுகளாக இருக்கட்டும். மற்றவற்றை வழக்கம்போல நடத்துங்கள்.

கையில் என்ன இருக்கிறது

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அலைபேசியைக் காட்டினால் 2017-இல் தொடங்கிய திக்ஷா தளத்தின் பாடப்பொருள் திறக்கும். பாட முடிவில் 'இணையச் செயல்பாடு' உண்டு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் பள்ளிக் கல்வித்துறை மணற்கேணி செயலியை வெளியிட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. தனியார் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு சாதாரணமாகிவிட்டது.

இவற்றைக் கொண்டு பெரும்பாலும் நடப்பது ஒன்றே: வீடியோ ஓடுகிறது, குழந்தைகள் பார்க்கிறார்கள். மணற்கேணியின் வீடியோக்கள் நன்றாக எடுக்கப்பட்டவை. புவி சுழல்வதையும் நிலத்தட்டுகள் நகர்வதையும் கரும்பலகையில் அப்படிக் காட்டவே முடியாது. அத்தகைய இடங்களில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். போடுவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள்.

ஹைடெக் லேபில் நெட் போய்விடும், கரண்டும் போகும், அன்றைக்கென்று வேறொரு வகுப்புக்கு ஆன்லைன் தேர்வு இருக்கும். அதனால் இணையத்தில் வேண்டியவற்றை முந்தின நாளே இறக்கி, பென் டிரைவிலும் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாடங்கள் எல்லாம் மின்சாரம் இல்லாவிட்டாலும் நடத்தக்கூடியவை.

கொரட்டூர் ஏரி: இரண்டு பாடவேளைகள்

ஏழாம் வகுப்பில் நிலவரைபடம் பற்றிய பாடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நீரியல் சுழற்சி. இரண்டுக்கும் பொருந்தும் ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டாம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். இந்தச் சங்கிலியை அறியாமலே பல குழந்தைகள் அதன் கரையில் வளர்கிறார்கள்.

குறிக்கோள்: 'ஒரே ஏரியின் இரு வேறு ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு, நீர்ப்பரப்பின் அளவையும் கரையோரக் கட்டடங்களையும் ஒப்பிட்டு அளந்து சொல்வார். அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் சொல்வார்.' இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பாடத்தின் உயிர் அதில் இருக்கிறது.

வகுப்புக்கு முன்பு நீங்கள் செய்ய வேண்டியது: கணினியில் கூகுள் எர்த் புரோ மென்பொருளை நிறுவுங்கள். 2015 முதல் அது இலவசம். கொரட்டூர் ஏரியைத் தேடி, மேலே உள்ள கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரிசையாக வரும். கிடைக்கும் பழைய தெளிவான படம் ஒன்று, அண்மைப் படம் ஒன்று, நடுவில் ஒன்று என மூன்றைத் தேர்ந்தெடுங்கள். திரையின் கீழ் வலது மூலையில் பார்வை உயரம் காட்டும். மூன்று படத்துக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏரி பெரியதாகவும் சிறியதாகவும் தெரிந்து பாடமே தவறிவிடும். அளவுகோலும் தேதியும் தெரியும்படி சேமித்து, ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுங்கள். கருப்பு வெள்ளையில் நீரையும் நிழலையும் பிரித்தறிய முடியாது. இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் தளத்திலும் இந்தப் பகுதியின் படங்கள் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

முதல் பாடவேளையில் படத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். ரயில் பாதை, பிரதான சாலை, ஏரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். பாதிப் பேர் வடக்கை எங்கோ வைத்திருப்பார்கள். சிலருக்கு ஏரி ஒரு சிறு வட்டமாக மூலையில் இருக்கும். அதன் பிறகு படத்தைக் கொடுங்கள். தம் படத்தையும் வானத்திலிருந்து எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது திசை, அளவை, குறியீடு என்ற மூன்று சொற்களும் விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். இந்திய நிலப்பரப்பையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் அளவைப் பணிக்கு வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் அடிக்கோடு அளக்கத் தொடங்கியது, பூந்தமல்லியிலிருந்து அதிக தூரமில்லாத பரங்கிமலையில்.

இரண்டாவது பாடவேளையில், நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு ஜோடிப் படம், பட்டர் பேப்பர், வரைபடத் தாள். பட்டர் பேப்பரைப் படத்தின் மேல் வைத்து நீரின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். அதை வரைபடத் தாளின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ண வேண்டும். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடலாம். அளவுகோலைப் பார்த்து ஒரு கட்டம் எத்தனை சதுர மீட்டர் என்று கண்டுபிடித்தால் ஏரியின் பரப்பு கிடைத்துவிடும். 10,000 சதுர மீட்டர் ஒரு ஹெக்டேர். கணக்கு ஆசிரியரையும் துணைக்குக் கூப்பிடுங்கள்.

இங்கேதான் பாடம் சூடுபிடிக்கும். ஒரு குழு, ஏரி பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்லும். இன்னொரு குழு, ஏரி பெருகிவிட்டது என்று சொல்லும். உடனே திருத்தாதீர்கள். "உங்க படத்தில் தேதி என்ன?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்று மே மாதத்தில் எடுத்ததாகவும் இன்னொன்று ஜனவரியில் எடுத்ததாகவும் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. மே மாதத்து ஏரியையும் ஜனவரி மாதத்து ஏரியையும் ஒப்பிட்டால் தெரிவது பருவத்தின் வேறுபாடு. ஆண்டுகளின் வேறுபாடு அதற்குள் மறைந்துவிடும். இதற்காகவே மூன்று படங்களில் ஒன்றை வேறு மாதத்திலிருந்து எடுத்து வையுங்கள்.

அடுத்த சிக்கல் நிறம். "இந்த ஓரம் பச்சையா இருக்கு மிஸ், தரைதானே?" என்று ஒருவர் கேட்பார். ஏரிக்கரையில் வீடுள்ள இன்னொருவர், "இல்ல மிஸ், அது ஆகாயத்தாமரை, கீழே தண்ணி இருக்கு" என்பார். வானத்திலிருந்து எடுத்த படத்தை நேரில் பார்த்தவரின் சாட்சி திருத்துகிறது. செயற்கைக்கோள் படமும் ஓர் ஆதாரம்தான், மற்ற ஆதாரங்களைப் போல அதையும் கேள்வி கேட்க வேண்டும் என்பது அந்த வகுப்பில் பதிந்துவிடும். எந்த வீடியோவும் இதைக் கற்றுத்தராது.

மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், நீர்ப்பிடிப்பு என்ற சொற்களை இந்தப் பாடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எட்டாம் வகுப்பானால், அம்பத்தூர் ஏரியின் கலங்கலில் தொடங்கி உபரிநீர் போகும் வழியைப் படத்தில் சிவப்பு மையால் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். கால்வாய் எங்கே சாலைக்கு அடியில் மறைகிறது, எங்கே வீடுகளுக்கு நடுவில் குறுகுகிறது என்று குறிக்கட்டும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து உள்ளூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். குடிமையியலும் புவியியலும் ஒரே இடத்தில் சேர்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தப் பக்கத்தில் இல்லை. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் நடக்கின்றன. குழந்தைகள் அளந்த தாளைப் பெற்றோர் அங்கே எடுத்துச் சென்று காட்டலாம்.

ஏரிக்கு நேரில் அழைத்துப் போவதானால் தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, துணைக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள். கரையை விட்டுக் கீழே இறங்கவிடாதீர்கள். மழைக்காலத்தில் போகவே வேண்டாம்.

செம்பரம்பாக்கம்: எண்களை வாசித்தல்

பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இந்தப் பாடம் பொருந்தும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. தினசரி நீர்மட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளம் வெளியிடுகிறது. மழைக்காலத்தில் நாளிதழ்களிலும் வரும். ஏழாம் வகுப்பு பேரிடர் பாடத்தோடு சேர்த்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை ஒரு மாணவர் அதைப் பார்த்து, வகுப்புச் சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் ஒரு புள்ளி வைக்கட்டும். குறிக்கோள்: 'மூன்று மாத நீர்மட்ட வரைகோட்டைப் பார்த்து, அது எந்த வாரத்தில் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று மழையளவையும் நீர் திறப்பையும் காட்டி விளக்குவார்.'

கன அடி என்பது குழந்தைகளின் மனத்தில் நிற்காத அளவு. ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் அறுபத்தெட்டு, ஒவ்வொரு நொடியும். கரும்பலகையில் இந்தக் கணக்கு முடியும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்று நடுநிலை வகுப்புகளில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் நினைவில் இருக்க வழியில்லை. பெற்றோருக்கு இருக்கிறது. வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: தண்ணீர் எந்த நேரத்தில் வந்தது, எதுவரை ஏறியது, எச்சரிக்கை கிடைத்ததா. நீர் திறந்த விதத்தைப் பற்றி அரசின் விளக்கம் ஒன்று. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை கண்ட குறைகள் வேறு. இரு தரப்பும் எந்த எண்களைக் காட்டுகின்றன என்று பட்டியலிடுவதோடு எட்டாம் வகுப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். தீர்ப்பு எழுத அவசரப்படுத்த வேண்டாம். வீட்டையோ உறவினரையோ இழந்த குடும்பம் வகுப்பில் இருக்கலாம். அவர்களைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஆவடி: ஆதாரத்தைச் சரிபார்த்தல்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. யு.என்.தேபர் தலைமை தாங்கினார். காமராசர் அப்போது முதலமைச்சர். சோசலிசப் பாணியிலான சமுதாயம் அமைப்பதே நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. இந்தியப் பொருளாதார வரலாற்றில் இடம்பெற்ற ஊரில் படிக்கிறோம் என்பது ஆவடிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இதை இணையத் தேடல் பாடமாக நடத்துங்கள். மாநாட்டின் ஆண்டு, தலைவர், தீர்மானம் மூன்றையும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, வரும் பதிலை அப்படியே பலகையில் எழுதுங்கள். பிறகு அதே மூன்றையும் ஒரு கலைக்களஞ்சியத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் உள்ள நூல் ஒன்றிலும் தேடச் சொல்லுங்கள். ஒத்துவருவதற்கு நேரே டிக். ஒத்துவராததற்கு நேரே கேள்விக்குறி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர் செய்த ஆய்வு இந்தப் பழக்கத்தின் மதிப்பைக் காட்டியது. தேர்ந்த செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உடனே வெளியே வந்து, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பன்னிரண்டு வயதுக் குழந்தையும் இதைப் பழகிக்கொள்ள முடியும்.

எட்டாம் வகுப்பில் தொழிலகங்கள் பாடம் வரும்போது, ஒரு தொழிற்சாலை ஓர் இடத்தில் ஏன் அமைகிறது என்ற காரணங்களை இந்த ரயில் பாதையிலேயே படிக்கலாம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. முருகப்பா குழுமத்தின் டிஐ சைக்கிள்ஸ் 1950-களின் தொடக்கத்தில் அம்பத்தூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்த ஆண்டுகளைக் காலக்கோட்டில் வைத்து, ரயில், நிலம், அரசின் கொள்கை, தொழிலாளர் ஆகியவற்றில் எது எதற்குக் காரணம் என்று வாதிடச் சொல்லுங்கள். பட்டரவாக்கம் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு வாதத்துக்குப் பஞ்சமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் வகுப்பில் இருந்தால், ஊரை விட்டு இங்கே வந்த காரணத்தை அவர்கள் வீட்டில் கேட்டு வந்து சொல்வது, பாடநூலில் இல்லாத ஆதாரம்.

தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தாவைப் பேட்டி எடுப்பது இந்த அலகுக்கு மிகச் சிறந்த செயல்பாடு. அலைபேசியில் குரலைப் பதிவு செய்யலாம்; முதலில் அவரது சம்மதத்தைக் கேட்டு, அந்தச் சம்மதமும் பதிவில் இருக்கட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பள்ளிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. புதிய செயலி எதிலும் குழந்தைகளின் பெயர், படம், அலைபேசி எண் கொடுத்துக் கணக்குத் தொடங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகங்களைப் படம் எடுக்கக் குழந்தைகளை அனுப்பவே கூடாது. மதில் சுவரும் வாயிலும்கூட வேண்டாம். அந்தத் துறையினர் தாமே வெளியிட்ட படங்கள் பாடத்துக்குப் போதும்.

பார்க்க முடியாத வரைபடம்

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் அதே ஊரில்தான். வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றால் திரை என்று மட்டும் நினைப்பவர்கள், விரலால் வாசிக்கும் வரைபடத்தை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வகுப்பில் பார்வை குறைந்த ஒரு குழந்தை இருந்தால், மேலே சொன்ன ஏரிப் பாடத்தை அவருக்காக மாற்றுவது கடினமில்லை. அட்டையில் ஏரியின் விளிம்பைப் பெவிகாலால் கோடு இழுத்து ஒரு நாள் காயவையுங்கள். நீர்ப்பரப்புக்கு வழவழப்பான பிளாஸ்டிக் தாள், கட்டடப் பகுதிக்கு உப்புத்தாள், ரயில் பாதைக்கு முறுக்கிய நூல். இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு அட்டைகள். விரலால் தடவி எது பெரியது என்று சொல்லிவிடுவார். கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை நிறுவினால் திரையில் உள்ள தமிழை வாசித்துக் காட்டும். இந்த அட்டைகளைப் பார்வையுள்ள குழந்தைகளும் விரும்பித் தொடுவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக மாற்றிக்கொள்வார்கள். குறிக்கோள் எல்லோருக்கும் ஒன்றுதான். வழி மட்டும் வேறு.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டுக்குச் சார்ட் ஒட்டி வரச் சொல்வதை நிறுத்திவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை ஜெராக்ஸ் கடையிலேயே தயாராகின்றன. மேலே சொன்ன பட்டர் பேப்பர், நீர்மட்ட வரைகோடு, டிக்கும் கேள்விக்குறியும் போட்ட தாள் ஆகியவையே மதிப்பீட்டுக்குப் போதும். மதிப்பெண் போடும்போது மூன்று கேள்விகள்: சொன்னது சரியா, ஆதாரம் காட்டினாரா, தம் ஆதாரத்தின் குறையைச் சொன்னாரா. மூன்றாவதைச் செய்த குழந்தைக்கு, முதலாவதில் கொஞ்சம் தவறியிருந்தாலும் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள்.

பருவம் முடிந்ததும் இந்தத் தாள்களைப் பழைய பேப்பரில் போட்டுவிடாதீர்கள். ஏரிப் படங்கள், குழந்தைகள் அளந்த பரப்பு, நீர்மட்ட வரைகோடு, தாத்தாக்களின் குரல் பதிவு எல்லாவற்றின் மேலும் தேதியும் வகுப்பும் எழுதி, பள்ளி நூலக அலமாரியில் ஒரு தட்டை அதற்கென்று ஒதுக்குங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வரும் ஆசிரியருக்கு அவை கிடைக்கட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு ஏரியை அளக்க உட்காரும்போது, ஒப்பிடுவதற்கு அவர்களின் அண்ணன்களும் அக்காக்களும் அளந்த கணக்கு கையில் இருக்க வேண்டும்.